சஸ்கட்டூன், டிசம்பர்

பல் வைத்தியர் கொடுத்த மாத்திரையில்
பாதி எனக்கு வேலை செய்தது.
மீதி
என்னைக் கேட்காமல் ஆற்றுக்குப் போயிருக்கும்.

கழிவுநீர் நிலையத்தில் ஹலினா
இமையில் உறைபனியோடு
வாளியில் மொண்டு தருகிறாள்.
இன்னும் குணமாக்கவே அலைகிறது தண்ணீர்,
நோயாளி யாருமில்லாமல்.

குடுவையில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள்.
இருட்டில் அது வெறும் தூள்.
சன்னலோரம் வைத்தேன்.
விஷத்துக்கு முறிவு கேட்டிருக்கிறேன்;
மருந்துக்கே முறிவு இது.
வெயில் ஏற ஏற
கருவியில் எண் இறங்குகிறது:
எழுபது, ஐம்பத்திரண்டு, நாற்பத்தொன்று.

ஐந்தடிக்கும் முன்பே சூரியன் கிளம்பிவிட்டது.
நாற்பத்தொன்றிலேயே நிற்கிறது.

விளக்கைப் போடலாம்தான்.
ஆற்றுக்கு யார் போடுவார்?

பனிப்பாளத்துக்கு அடியில்
என் கடைவாய்ப் பல்லின் மருந்து
மீன்களுக்கு வைத்தியம் பார்த்தபடி
போய்க்கொண்டிருக்கிறது
வடகிழக்கே.