ஆறாம் கிழமை வரைக்கும்

ஏழாம் நாள் மட்டக்களப்பில் பிளாஸ்டர் கழன்றது.
நேர்ஸ் கண்ணாடியைப் பிடித்தாள்.
மூடி வைத்த ஈரச் சாக்குப்போல
புழுங்கிக் கிடந்தது மூக்குத் தோல்.
எண்ணெய். உரியும் பொருக்கு.
துவாரத்துக்குத் துவாரம் ஒரு கறுப்புப் புள்ளி.

கணக்கு ரீச்சர் நான்.
பஸ் ஸ்டாண்டில் போன் கமராவைத் திருப்பி
எண்ணத் தொடங்கினேன்.
இடப்பக்கம் நாற்பத்தொன்றில்
அக்கரைப்பற்று பஸ் வந்துவிட்டது.

"நசுக்க வேணாம்," டொக்டர் சொல்லியிருந்தார்,
"சுரண்ட வேணாம், சீற வேணாம்.
ஆறு கிழமைக்குக் கண்ணாடிப் பாரம்கூட ஏறக் கூடாது.
ஒட்டிப் பிய்க்கிற பட்டி பார்மஸியில் விற்பாங்க,
அந்தப் பக்கமே போக வேணாம்."
போகவில்லை என்று சொல்ல மாட்டேன்.
கல்முனையில் இறங்கி ஒரு பெட்டி வாங்கினேன்.
பிரிக்கவில்லை.
மேசை லாச்சிக்குள், பரீட்சைத் தாள்களுக்கு அடியில் வைத்தேன்.
அங்கே அது இருப்பதே ஒரு தெம்பு.

கச்சான் வீசும் மாதம் இது.
சம்மாந்துறை வெளியெல்லாம் சூடடிப்பு.
யன்னலைச் சாத்தினாலும் பதர்த் தூசு
தேடி வந்து மூக்கில் குந்தும்.
காலையும் இரவும் இளஞ்சூட்டுத் தண்ணீர்,
வாசமில்லாத சவர்க்கார நுரை, விரல் நுனி.
எழுதின கணக்கு அழியாமல்
கரும்பலகையில் தூசு மட்டும் துடைப்பது மாதிரி.
நுனியில் உணர்ச்சியே இல்லை.
அடுத்த வீட்டு மதிலைக் கழுவிக் கொடுக்கிறேன்,
நன்றி சொல்ல ஆளில்லை.

மூக்குக் கண்ணாடிக்கு மூக்கு இல்லாததால்
நெற்றியில் பிளாஸ்டர் ஒட்டித் தொங்கவிட்டு
ஒன்பதாம் ஆண்டின் தாள் திருத்துகிறேன்.
தொழுகை கதிரையில்.
நெற்றியோடு மூக்கும் நிலத்தில் பட வேண்டிய இடத்தில்
காற்றுக்குத் தலைசாய்க்கிறேன்.
அப்போதுதான் வரும் அந்த நினைப்பு.

வீட்டுக்கு நான் சொன்னது:
பஸ் பிரேக் போட்டு முன் ஆசனக் கம்பியில் மோதினதில்
உள்ளே எலும்பு வளைந்தது, மூச்சு அடைக்குது.
பொய் இல்லை.
டொக்டரிடம், கதவு சாத்தின பிறகு, சொன்னது:
"அந்த மேட்டையும் ஒருக்கா..."
மேடு அந்த பஸ்ஸுக்கு மூத்தது.
அதற்குப் போனது முழுச் சீட்டுக் காசு.
நௌபீஸுக்கு எழுதிக் காட்டிய செலவுக் கணக்கில்
அந்த வரி இல்லை.

ஐந்தாம் கிழமை, வெள்ளி.
லாச்சி திறந்து கிடந்தது.
ஹஸ்மியா, பதின்மூன்று வயது,
அறைக்குள்ளிருந்து வருகிறாள்,
மூக்கின் குறுக்கே வெள்ளைப் பட்டி.
ஒரு கணம் ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்குள் நிற்கிறேன் நான்.
பட்டிக்கு அடியில் தெளிவாகத் தெரிந்தது மேடு.
நான் சீவி எறிந்த அதே மேடு,
அவளில் இப்போதுதான் எழும்பி வருவது.

"உம்மா, இது எத்தனை நிமிஷம்?"
பெட்டியில் பத்து என்று போட்டிருந்தது.
பத்து நிமிஷம் எதிரெதிரே இருந்தோம்.
அவள் என்னைப் பக்கவாட்டில் பார்த்தாள்.
"உங்கட வீக்கம் வத்தினா
மேடு திரும்பி வருமா?"
நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.
இன்னும் நாலு நிமிஷம் இருந்தது.

பிய்த்தாள். "ஆ" என்றாள்.
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.
"அறுத்த வயல்ல கட்டை நிக்கிற மாதிரி, பாருங்க உம்மா!"

சிரிக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார் டொக்டர்,
மேலுதடு இழுபடுமாம்.
சிரித்தேன்.
நுனியில் ஏதோ சுள்ளென்றது.
தொட்டுப் பார்க்கப் போன கையை
அவள் எட்டிப் பிடித்துக்கொண்டாள்:
"இன்னும் ஒரு கிழமை கிடக்கு."