ரிலீஸ்

பர்வானியாவில் எங்கள் டைப்பிங் சென்டர்.
இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின்,
ஒழுகும் ஏசிக்குக் கீழே ஒரு வாளி.
மதியச் சாப்பாட்டுக்கு ஆங்கிலப் பேப்பரை விரிப்போம்.
முந்தாநாள் பேப்பர்,
முதலாளி ஹம்தி படித்து முடித்தது.

வியாழக்கிழமை படம் ரிலீஸ், ஃபஹாஹீலில் நான்கு காட்சி.
கதாநாயகன் முகத்தில் சோற்றைக் கொட்டினேன்.
குழம்பு ஓடி நின்ற இடத்தில்
மேட்டூரில் பன்னிரண்டாயிரம் கன அடி ரிலீஸ்.
அணைக்கு எவ்வளவு சுலபம்,
ஷட்டரைத் தூக்கினால் போதும்.

மடிப்பில் சின்னதாய் ஒரு செய்தி:
பதினோரு மீனவர் ரிலீஸ். படகுகள் இல்லை.
அதில் ஒருவன் மிக்கேல் அண்ணனின் தம்பி.
பெயர் போடவில்லை,
பதினொன்றுக்குள் இருக்கிறான்.
அண்ணன் மீன்முள்ளை ஒதுக்கிவிட்டு
அந்த வரியை மட்டும் விரலால் துடைத்தார்.

பெருநாளுக்கு நூற்றுச் சொச்சம் கைதிகள் ரிலீஸ்.
ரிஃபைனரியில் வாயு ரிலீஸ்.
பயப்பட ஒன்றுமில்லை என்று
அறிக்கையும் ரிலீஸ்.

நமக்கு இதற்கெல்லாம் வேறு வேறு சொல்.
தண்ணீரைத் திறப்போம், புத்தகத்தை வெளியிடுவோம்,
மாட்டை அவிழ்ப்போம்,
ஆளை விடுவோம்.
வாயு கசியும்.
இங்கிலீஷ்காரனிடம் ஒரே சாவி,
எல்லாப் பூட்டிலும் நுழைத்துப் பார்க்கிறான்.

இங்கே வந்தபின் நாங்களும் அப்படித்தான்.
"ரிலீஸ் கிடைச்சுதா?"
பஸ்ஸில், சர்ச் வாசலில், தண்ணீர் கேன் தூக்கும் மாடிப்படியில்
இதுதான் நலம் விசாரிப்பு.
ஒரு கம்பெனி விட்டு இன்னொன்றுக்குப் போக
கஃபீல் போடவேண்டிய ஒரு கையெழுத்து.
மிக்கேல் அண்ணனுக்கு இரண்டு வருஷம் ஏழு மாசம்.
நான் அடித்துக் கொடுத்த மனு பதினான்கு.
ஒவ்வொன்றிலும் அந்தச் சொல்லைத்
தடித்த எழுத்தில் போட்டேன்,
அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை.

நேற்று அஸர் பாங்கு முடிந்ததும் வந்தார்.
கையில் தாள்.
எல்லாம் அரபி.
"அந்த வார்த்தை எங்கடா, காட்டு."
தேடினேன்.
இருந்தது வேறொன்று: தனாஸுல்.
ஹம்தியைக் கேட்டேன்.
சிகரெட்டை எடுக்காமலே சொன்னார்,
தன்னுடையதை இன்னொருத்தனுக்கு விட்டுக்கொடுப்பது.
வண்டியை. கடையை. வழக்கை.
அப்புறம் தாளைத் திருப்பிப் பார்த்து,
ஆளையும்.

"என்ன சொல்றாரு?"
"முத்திரை சரியா இருக்குங்கிறார்."
"வார்த்தை?"
"இதுதான்" என்று விரல் வைத்தேன்.
பக்கத்துக்கு முக்கால் தினார் வாங்கி
மொழிபெயர்க்கிறவன் நான்.

அவர் அதில் தன் விரலையும் வைத்தார்,
சூடு பார்ப்பதுபோல்.
லேமினேட் பண்ணித் தரச் சொன்னார்.
"கூடாதண்ணே,
பிளாஸ்டிக்கில் அடுத்த முத்திரை ஒட்டாது,
ஆபீஸில் திருப்பி விட்டுருவாங்க."
"அடுத்த முத்திரையா?"
"இன்னும் மூணு இருக்கு."

மடிக்க மனசில்லை அவருக்கு.
மேஜையிலிருந்த பேப்பரில் ஒரு பக்கம் கிழித்து
அதற்குள் தாளை வைத்து
இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வெயிலில் இறங்கினார்.
எந்தப் பக்கம் என்று கவனிக்கவில்லை.
சினிமாவோ, அணையோ.

வாளி நிரம்பியிருந்தது.
கொண்டுபோய் வாசலில் கொட்டினேன்.
தெருவைத் தாண்டுவதற்குள்
காய்ந்துவிட்டது.