காரணம் எழுத ஒரு கோடு

அலுமினியப் பானையில் கொண்டுவந்தாள்
எர்மினியா தார்கி. மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள்,
சூடு ஆறக்கூடாத சூப் போல.
உள்ளே ஆறு குஞ்சுகள். பன்னிரண்டு நாள்.
மஞ்சள் ரோமத்தைத் தள்ளிக்கொண்டு
இறக்கை ஓரத்தில் வெள்ளை முளைவிட்டிருந்தது.

எல் ஆல்டோவில் காலை எட்டு மணிக்கு
மேசையைத் தொட்டால் விரல் ஒட்டும்.
படிவத்தில் 'காரணம்' என்பதற்கு எதிரே
ஒரே ஒரு கோடு, அதுவும் குட்டை.

குளிரா என்றேன்.
கணப்புச் சட்டி வைத்திருந்தேன் என்றாள்.
அப்படியானால் கரிப்புகையா?
ஜன்னலை இரண்டு விரல் திறந்தே வைப்பேன்,
என் கொழுந்தனை அப்படித்தான் பறிகொடுத்தோம்.
(கரிப்புகை கொன்ற ரத்தம் செர்ரி நிறத்தில் பளபளக்கும்.
இது கறுத்திருந்தது.)

மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசுங்கினவா?
இல்லை, நடுக்கூடத்தில், தீனித்தட்டுக்குப் பக்கத்தில்,
மல்லாந்து.
எலி? பல் தடம் இல்லை.
எச்சத்தில் ரத்தம்? இல்லை.
சாந்தா குரூஸிலிருந்து பேருந்தில் வந்தபோது
தண்ணீர் கிடைக்காமல்?
தாகத்தில் சாகிறது நாலாம் நாளே செத்துவிடும்.
தொப்புள் வழியே கிருமி புகுந்ததும் அப்படித்தான்,
முதல் வாரத்தைத் தாண்டுவது அபூர்வம்.

நேற்று ராத்திரிகூடச் சண்டை போட்டன, என்றாள்.
இந்தக் குண்டன்தான் எல்லாரையும் மிதித்துத் தின்பான்.
குண்டனை எடுத்தேன்.

வயிற்றைக் கீறியதும்
வெளிறிய தேநீர் போல நீர் வழிந்தது,
அந்தச் சிறு உடம்புக்குள் இவ்வளவா என்று
அவளே துணியை நீட்டினாள்.
இதயம் என் கட்டைவிரல் நுனி அளவு.
இடப்பக்கம் கெட்டி.
வலப்பக்கம் தொளதொளத்து,
பழைய காலுறையின் குதிகால்.

சமவெளியில் பொரித்த சாதி இது.
ஐந்து வாரத்தில் இரண்டு கிலோ ஆகிவிடு என்று
பிறக்குமுன்பே கட்டளை.
இங்கே நாலாயிரம் மீட்டரில்
தின்ற தின்னுக்குக் காற்று போதவில்லை.
இதயம் நுரையீரலை முட்டி முட்டித் தள்ளி
ஒரு விடியலில் நின்றுவிட்டது.

நானும் சமவெளிக்காரன். திரினிதாத்.
முதல் மாதம் மூன்றாம் படியில் உட்கார்ந்துவிடுவேன்.
அதை அவளிடம் சொல்லவில்லை.
இருட்டினதும் தீனித்தட்டை எடுத்துவிடு என்றேன்,
மெதுவாக வளரட்டும்.

பட்டினி போட்டால் பிழைக்குமா?
கொஞ்சம் பசி. பட்டினி இல்லை.
அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்,
எடையில் ஏமாற்றுகிற கடைக்காரனைப் பார்ப்பதுபோல்.
குழாயடியில் பானையைக் கழுவிக்கொண்டு போனாள்.

கோட்டில் 'உயரம்' என்று எழுதினேன்.
டாக்டர் உர்கீதி சிவப்பு மையால் சுழித்து அனுப்பினார்:
உயரம் நோய் அல்ல. திருத்துக.

அன்று ராத்திரி ஒன்பதரைக்குத் தொலைபேசி.
ஹலோ இல்லை, பெயர் இல்லை.
நாற்பத்து நாலு தொண்டை ஒரே சமயத்தில்
கீச்சிடும் இரைச்சல் மட்டும்.
பிறகு அவள் குரல்:
கேட்கிறதா?
உன்னைத்தான் திட்டுகின்றன.