கூப்பிடு தூரம்

ஜூலை. இரவு ஒன்றே கால்.
சூரியன் இறங்கவில்லை, கொசுவும்.
கௌத்தோகெய்னோ மேட்டில், வேலிக்குள்
முந்நூறு பனிமான்கள்
இடஞ்சுழியாக ஓடிக்கொண்டே இருக்கின்றன.

தாய் யாருடையதோ கன்றும் அவருடையது.
காதில் கத்தி வைக்குமுன்
எது எதன் கன்று என்று தெரிந்தாக வேண்டும்.
அதற்காகத்தான் ட்ரொண்ட்ஹெய்மிலிருந்து
இரண்டு நாள் வண்டி ஓட்டி வந்தேன்.

கன்றின் கழுத்தில் நாணயம்போல் ஒரு பேட்டரி,
நகக்கண் அளவு சில்லு.
தாயின் பட்டையில் அதற்கொரு ஜோடி.
ஒன்று கூப்பிடும், மற்றது ‘இங்கே’ என்னும்.
போய்வந்த நேரத்தில் பாதி,
நானோ நொடிக்கு ஓரடி.
அது போதாதென்று
எழுபது சொச்சம் அலைவரிசைகளில் மாறி மாறிக் கேட்டு
அலை எத்தனை பாகை பிசகி வருகிறது
என்றும் பார்ப்போம்.
பிறகு இரண்டும் தூங்கிவிடும்.
பேட்டரி இரண்டு வருடம் வரவேண்டுமே.

திரையில், அறுபத்தொன்றாம் கன்றுக்கு
மிக அருகே பதினான்கு.
ஒன்றரை மீட்டர். பத்து நிமிடமாக அதே ஒன்றரை.
“பதினான்குதான்” என்றேன்.
பதினான்கு யொவ்னாவின் மான்.
அவன் அதற்குள் கத்தியை உருவிவிட்டான்.

அவன் தங்கை ரிஸ்தீனா
காபிக்குள் பாலாடைக்கட்டித் துண்டைப் போட்டபடி
“நெரிசலில் ஒட்டி நிற்பதெல்லாம் உறவா?
கதவைத் திற” என்றாள்.

வெளியே சதுப்பு, முழங்கால் உயரப் புதர், வெட்டவெளி.
பதினான்கு நாற்பதானது, நூறானது,
பிறகு எண்ணே இல்லை, வெறும் கோடு.
ஒன்பது
எழுபதிலிருந்து இறங்கத் தொடங்கியது.
ஐம்பத்திரண்டு. முப்பது.
தொண்டைக்குள் புரளும் ஒரு தாழ்ந்த உறுமல் கேட்டது.
கன்று பதில் சொன்னது, என் சில்லுக்கு முந்தி.
ஏழு. மூன்று. ஒன்று.

அப்புறம், பதினொன்று.

திரையைத் தட்டினேன். பதினொன்று.
நிமிர்ந்து பார்த்தேன்.
கன்றின் தலை தாயின் வயிற்றுக்கு அடியில்.
குட்டை வால் துடிக்கிறது.

நேர்வழியை அவள் உடம்பு அடைத்துக்கொண்டது,
அலை ஏதோ பாறையில் இடித்துச் சுற்றி வருகிறது.
ரத்தமும் பாலுமாக நடுவில் நிற்பதை
என் கருவி
தூரம் என்று எழுதுகிறது.

யொவ்னா கத்தியை உறைக்குள் செருகினான்.
ஒன்பது யாருடையது என்று நான் கேட்கவில்லை.
ரிஸ்தீனா ஏற்கெனவே சுருக்குக் கயிற்றை எடுத்துக்கொண்டு
பாதி மேடு ஏறியிருந்தாள்.

பதிவில் அந்தப் பதினொன்றைத் திருத்தவில்லை.
பக்கத்தில் மட்டும் எழுதினேன்:
பால் குடிக்கிறது.