திரும்பும் ஆரை

பதினோராம் மாடி. கண்ணாடிக்குக் கீழே பேரே வாவி,
கரையில் நனைந்த கூழைக்கடா ஒன்று,
அப்பால் கொம்பனித்தெருவில் ரயிலின் நீள ஹோர்ன்.
நான் ஒரு கிராமம் வரைந்துகொண்டிருக்கிறேன்.

நூற்றுப் பன்னிரண்டு வீடு, தலைக்கு இருபது பேர்ச்சஸ்.
தார்வீதியோரம் எட்டு வரிசை, வரிசைக்குப் பதினான்கு.
மின்கம்பிக்கு அதுதான் மலிவு, குழாய்க்கும் அதுதான்.
வயல் படத்தின் விளிம்புக்கு வெளியே.
என் மவுஸ் அந்தப் பக்கம் போனதில்லை.

மன்னிக்கவேண்டும், நான் வெள்ளவத்தைக்காரி.
நாலாம் மாடி, அறுநூற்றைம்பது சதுர அடி.
எங்கள் பல்கனியில் காய்வது
இரண்டு துவாயும் ஒரு சுடிதாரும்.

வவுனியா இரவு பஸ்ஸில் வந்து
ஏழரைக்கே கீழே அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு
பத்தேகால் வரை காத்திருந்தாள்
கமக்கார அமைப்பின் பொருளாளர் இராசமலர்.
தேத்தண்ணி வேண்டாம் என்றாள்.
படத்தைத் தன்பக்கம் திருப்பினாள்.
"இது எத்தனைக்கு எத்தனை?"
ஒன்றுக்கு ஐந்நூறு.
"அப்ப ஒரு சென்ரிமீற்றர் அஞ்சு மீற்றர்."

பஸ் டிக்கெட்டை ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கு மடித்தாள்,
நடுவில் ஒரு முறிப்பு: முன்னுக்கு மெசின், பின்னுக்குப் பெட்டி.
என் பன்னிரண்டடி ஒழுங்கைக்குள் ஓட்டிவந்து
சந்தியில் ஒடித்தாள்.
பெட்டியின் பின்சில்லு
அறுபத்தேழாம் இலக்கக் குசினிக்குள் போய் நின்றது.
"அடுப்புப் போச்சு" என்றாள், சிரிக்காமல்.

"இந்தப் பச்சை என்ன?"
சிறுவர் பூங்கா.
"நல்லது. ஊஞ்சலை ஓரத்தில போடுங்கோ, நடுவில சீமெந்து.
வெட்டு மெசின் ஈரநெல்லைத்தான் கொட்டிட்டுப் போகும்.
ஈரநெல்லுக்கு ஆலைக்காரன் சொல்லுறதுதான் விலை.
நாலு நாள் காயப்போட இடமிருந்தா
விலையை நாங்களும் கொஞ்சம் சொல்லுவம்.
மற்ற நாளில பிள்ளையள் கிரிக்கெட் அடிக்கட்டும்."

பிறகு கேட்டாள்:
"எனக்குத் தண்ணி முறை விடியப்புறம் ரெண்டு மணிக்கு.
வீட்டிலயிருந்து மடைக்கு எவ்வளவு தூரம்?"
முதல்முறையாக என் அம்புக்குறி விளிம்பைத் தாண்டியது.
மூன்று தசம் எட்டுக் கிலோமீற்றர்.
"இடையில காடு" என்றாள்.
"யானைக்கு முறை கிறை இல்லை."

பதினேழு நாள் எடுத்தேன்.
வரிசைகளை உடைத்தேன். வாய்க்காலோடு வீடுகளை இறக்கினேன்,
நாலைந்து வீட்டுக்கு நடுவில் பொதுமுற்றம்,
பதினெட்டடி வீதி,
மாடுகள் யாருடைய மிளகாய்க் கன்றையும் பார்க்காமல்
குளத்துக்குப் போகத் தனிப்பாதை.
டிக்கெட்டைக் கீபோர்ட்டுக்குக் கீழே வைத்திருந்தேன்,
ஒவ்வொரு சந்தியிலும் எடுத்து ஒடித்துப் பார்த்தேன்.

பணிப்பாளர் லியனகே "லஸ்ஸனய்" என்றார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"எத்தனை வீடு?"
தொண்ணூற்றேழு.
"மிச்சம் பதினைந்தும் இரண்டாம் கட்டத்தில்."
எங்கள் கந்தோரில் இரண்டாம் கட்டம் என்பது
ஓர் இழுப்பறை. அதன் சாவி தொலைந்து நாளாயிற்று.

பயனாளிகள் பட்டியலை அன்றுதான் கடைசிவரை படித்தேன்.
இலக்கம் நூற்றிநான்கு: இராசமலர்.

தொலைபேசியில் எப்படித் தொடங்குவது என்று
மூன்று வசனம் எழுதிவைத்திருந்தேன். முதலாவதிலேயே
"தெரியும் பிள்ளை" என்றாள்,
"முற்றம் கேட்கேக்கயே எண்ணிப் பார்த்தனான்.
வாய்க்காலுக்கு அங்கால வெறுங்காணி கிடக்கு.
வனவளத்துக்காரர் கல்லு நட்டு வைச்சிருக்கினம்.
கல்லைப் பற்றி நாங்கள் கதைக்கிறம்.
நீங்கள் கோட்டைப் போடுங்கோ."
பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது, வைத்துவிட்டாள்.

எல்லோரும் போனபின்
படத்தின் விளிம்பைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தேன்.
யாரைக் கேட்டு என்று
மென்பொருள் கேட்கவில்லை.
நாளைக்கு லியனகே கேட்பார்.
பதினைந்து வீடு, ஒரு முற்றம்,
திரும்புவதற்கு இடம்.