அச்சுப்பிழை

பக்கம் 112. என் கைப்பிழைதான்.
71 என்று எழுத வேண்டிய கதவெண்ணை
17 என்று எழுதிவிட்டேன்.
"பலகை கிடையாது. நீலக் கதவு.
மணி அடிக்காதீர்கள், தள்ளுங்கள்"
என்று வேறு அடித்துச் சொல்லியிருந்தேன்.
17-இன் கதவும் நீலம். யார் கண்டது?

மூன்று வருடம் கழித்துத் திபிலிசியில்
மன்னிப்புக் கேட்கத் தள்ளுகிறேன்.
முற்றத்தில், துணி காயும் கொடிக்குக் கீழே
நாலு மேசை. ஒன்று தையல் மிஷினுடையது.
லமாரா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை:
"எத்தனை பேர்?"

முதலில் வந்த டேனிஷ் ஜோடியைத்
துடைப்பத்தால் விரட்டினாளாம்.
அடுத்து வந்தவன் மழையில் தொப்பலாக நின்றான்.
தனக்கு வைத்திருந்த பீன்ஸில் பாதி கொடுத்தாள்.
தட்டுக்கடியில் காசு வைத்துப் போனான்.
அவ்வளவுதான்.

காலையில் 71-க்கும் போயிருந்தேன்.
வெள்ளைத் துணி விரித்த ஏழு மேசைகள் நடுவே
செய்தித்தாளோடு ஒதாரி.
வால்நட் அரைத்துத் தடவிய கத்தரிக்காய்,
நான் எழுதிய அதே ருசி, துளி குறையவில்லை.
"ஏதோ புத்தகத்தில் நான் இருக்கிறேனாமே,
ஒரு பிரதி கிடைக்குமா?" என்றார்.

மறுபதிப்புக்கான தாள் பையில் இருக்கிறது.
சிவப்புப் பேனாவும்.

லமாரா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு
சீக்கிரம் எழுந்திருக்கச் சொல்கிறாள்.
நாளைக்கு ஆறு ஜப்பானியர்கள் வருகிறார்களாம்,
பீன்ஸ் ஊறப்போட வேண்டுமாம்.