மூலையில் வளையும் ரேகை

பகலில் நான் பொய்ப்பல் செய்கிறவள்.
ஃபாலுன் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
இரண்டாம் மாடியில் லேப்.
பீங்கானில் வெள்ளையை மட்டும் தீட்டினால்
ஒருவரும் நம்பமாட்டார்கள்.
ஓரத்தில் கொஞ்சம் காப்பிக் கறை,
நடுவில் மயிரிழை விரிசல்.
அப்போதுதான் அது வாய்க்குள் முளைத்ததாகும்.

இதைக் கேள்விப்பட்டுத்தான் ஸ்டூரே வந்தான்.
குதிரைப் போர்வையில் சுற்றிய
நான்கு ஜன்னல் சட்டங்கள், ஒரு டாஷ்போர்டு.
முப்பத்தொன்பதாம் வருஷத்து பேக்கார்ட்.
"வால்நட் மரம்" என்றான்.
விரல் முட்டியால் தட்டினேன்.
டங்கென்றது.
"ஆமாம், தகர வால்நட்" என்றான்,
கொஞ்சமும் சிரிக்காமல்.

அக்டோபர் முழுக்க கராஜில் ஹீட்டரோடு கிடந்தேன்.
சுரண்டச் சுரண்ட
இடையில் யாரோ அடித்துவிட்டுப்போன பச்சை,
அதற்கடியில் பழைய வார்னிஷ், பழுப்பு,
அப்புறம் வெறும் இரும்பு.
டாஷ்போர்டில், எப்போதோ ரேடியோவுக்காகப் போட்ட
சுண்டுவிரல் நுழைகிற துளை.
பட்டி வைத்து அடைத்தேன்.

முதலில் மஞ்சள் களிமண் நிறம், இரண்டு கோட்டு.
காய்ந்தபின் எண்ணெயில் குழைத்த கரும்பழுப்பு.
அது இறுகுமுன்
உலர்ந்த தூரிகையால் ஒரே இழுப்பு, மூச்சை அடக்கி.
நடுவில் தும்மினால் மரம் போச்சு.
தும்மினேன்.
டர்பன்டைன் துணியில்
ஒரு மரம் முழுசாய் ஒற்றி எடுத்து
வாளியில் போட்டேன்.

வால்நட் மரத்தை நான் பார்த்ததே இல்லை.
எங்கள் பக்கம் பைன், ஸ்ப்ரூஸ்,
ஏரியோரம் கொஞ்சம் பிர்ச்.
கிறிஸ்துமஸுக்கு உடைத்துத் தின்கிற கொட்டைதான் பழக்கம்.
மேஜை விளக்கடியில் அதன் ஓட்டை வைத்து
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மூளை மாதிரி இருந்தது,
மரம் மாதிரி இல்லை.
கடைசியில் லேபிலிருந்து எடுத்துவந்த
மூன்று மயிர்த் தூரிகைதான் கைகொடுத்தது.
பல்லில் விரிசல் விழுகிற மாதிரியே
மரத்திலும் ரேகை ஓடுகிறது.
பட்டி அடைத்த இடத்தில் ஒரு கணு வைத்தேன்.
ரேகைகளெல்லாம்
ஓடையில் கல்லைச் சுற்றுவதுபோல்
அதைச் சுற்றிப் போயின.
வைரம் பாய்ந்த தகரம்.

ஜன்னல் சட்டங்களில்தான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.
தச்சன் இழைத்ததுபோல் நான்கு துண்டாய்ப் பிரித்து,
மூலைதோறும் சாய்வாய் ஒரு இணைப்புக் கோடு,
கோட்டோடு ரேகை நின்று
அடுத்த துண்டில் வேறு ரேகை.
கோட்டில் நகம் மாட்டுமா என்று
நானே ஒருமுறை தடவிப் பார்த்தேன்.

ஸ்டூரே கண்ணாடியைப் போட்டான், கழற்றினான்.
"மரம் மாதிரி இருக்கு" என்றான்.
நன்றி என்றேன்.
"கார் மாதிரி இல்லை."

ஃபோட்டோ காட்டினான்.
தொழிற்சாலையில் உருளையில் மை தடவி
அச்சாய் உருட்டியது.
மூலை வந்தால் நிற்கத் தெரியாமல்
ரேகை வாய்க்கால் தண்ணீர்போல் வளைந்து திரும்புகிறது.
எந்தக் காட்டிலும் எந்த மரமும்
அப்படி வளர்ந்திருக்காது.
ஒரே மரம்,
அந்த வருஷத்து கார்கள் அத்தனைக்கும் அதே மரம்.
ஜெர்மனியில் வாங்குகிறவருக்கு
அந்தத் தப்பு தப்பாமல் வேண்டும்.

இரண்டு நாள் அவன்மேல் கோபம்.
திங்கட்கிழமை லேபில் ஒரு சீட்டு:
மேல் இடது இரண்டாவது, நிறம் ஏ-மூன்று.
பழைய பல் லேசாகக் கோணல்,
அப்படியே கோணலாக வேண்டும்,
பேத்திக்கு அடையாளம் தெரியாமல் போய்விடுமாம்.
கோணலாகச் செய்தேன்,
ஒரு முணுமுணுப்பும் இல்லாமல்.

அன்று இரவே நான்கு சட்டங்களையும் துடைத்தேன்.
மூலையில் நிற்க வந்த கையைத் தள்ளித் தள்ளி வளைத்தேன்.
பத்தொன்பது வருஷம் பழகிய கை,
தப்பாகப் போடச் சொன்னால் நடுங்குகிறது.
மூன்றாம் சட்டத்தில்தான் வந்தது.
பிறகு முதல் இரண்டையும் மறுபடி துடைத்தேன்.

எடுத்துப்போக வந்தவன்
கையுறையைக் கழற்றிவிட்டு மூலைகளைத் தடவினான்.
தலையாட்டினான்.
டாஷ்போர்டில் கட்டைவிரல் ஓடிவந்து
கணுவில் நின்றது.
"இது முதலிலேயே இருந்ததா?"

வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது.
அவன் வண்டியை நிறுத்திய இடத்தில்
பைன் கிளை ஒன்று பாரத்தில் முறிகிற சத்தம்.

"இருந்தது" என்றேன்.

பணத்தை எண்ணி வைத்தான்.
குதிரைப் போர்வையை மறந்துவிட்டுப் போனான்.